தேய்க்காதே, ஊற வை: மண்டைத்தோல் ஸ்க்ரப் செய்யத் தொடங்குபவர்களுக்கு

கொருக்குப்பேட்டையில் ஒரு சின்ன பார்லரில் வேலை பார்க்கிறேன். போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மணலியிலிருந்து ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்தாள். காலேஜ் படிக்கிறவள். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே இரண்டு கையும் தலைக்குப் போய்விட்டது.

"அக்கா, பொடுகு போவவே மாட்டேங்குதுக்கா. உப்பு போட்டுத் தேச்சேன், சக்கரை போட்டுத் தேச்சேன். இப்போ எரியுது. நீங்க நல்லா அழுத்தி ஒரு ஸ்க்ரப் பண்ணிவிடுங்கக்கா."

ஜன்னல் பக்கமாக நாற்காலியைத் திருப்பி உட்கார வைத்து, வால் சீப்பால் உச்சியில் வகிடு எடுத்தேன். வகிட்டுக் கோட்டில் வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் லேசாகச் சுரண்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தேன். பொடுகாக இருந்தால் செதில் செதிலாக நிற்கும், உருட்டினால் உதிரும். இது உதிரவில்லை. ஈர மெழுகு மாதிரி நகக்கண்ணில் அப்பிக்கொண்டது. அதற்குக் கீழே தோலில் நூல் நூலாகச் சிவப்புக் கீறல், சர்க்கரை போட்ட கோடு.

"எந்தத் தண்ணில தலைக்கு ஊத்துறம்மா?"

"போர் தண்ணிதாங்க்கா."

"போடுறது?"

"அம்மா சோப்புதான் போடச் சொல்லுவாங்க. ஷாம்பு போட்டா முடி கொட்டுமாம்."

விஷயம் அவ்வளவுதான். அவள் தலையில் இருந்தது பொடுகு இல்லை. உப்புத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து படிந்த பிசுக்கு. அதைப் பொடுகு என்று நினைத்து இரண்டு மாதமாகத் தோலைக் கீறிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு உனக்கு ஸ்க்ரப் கிடையாது, பத்து நாள் கழிச்சு வா" என்று அனுப்பிவிட்டேன். ஓனர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

அவளைப் போல மாதத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். வீடியோ பார்த்துவிட்டு நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்றிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஸ்கால்ப் ஸ்க்ரப் என்றால் என்ன

முகத்தில் இருப்பது போலவே தலையிலும் தோல்தான் இருக்கிறது. அடியிலிருந்து புதுத் தோல் வளர வளர, மேலே இருப்பது செத்து உதிர்கிறது. இந்தச் சுற்று முடியச் சுமார் ஒரு மாதம் ஆகும். முகத்தில் உதிர்வது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தலையில் முடி வழிமறிக்கிறது. அதோடு தோலுக்குள் இருக்கும் சுரப்பிகள் விடாமல் எண்ணெய் கசியவிடுகின்றன. செத்த தோல், எண்ணெய், வியர்வை, புழுதி, நாம் தடவும் ஜெல், சீரம் எல்லாம் சேர்ந்து முடியின் வேரடியில் ஒரு படலமாக நிற்கிறது. அந்தப் படலத்தை எடுப்பதுதான் வேலை. ஷாம்பு மேலாக எடுக்கும், வேரடியில் ஒட்டியிருப்பதை எப்போதும் முழுதாக எடுக்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைச் செய்தால் முடி வேகமாக வளராது. மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்வது முடியின் கணக்கு. ஸ்க்ரப் அதை மாற்றாது. அரிப்பு குறையும், மூன்றாம் நாளே அடிக்கிற வாடை குறையும், மருந்து ஷாம்பு போட்டால் அது தோலைத் தொடும். இவ்வளவுதான் கிடைக்கும். இதுவே போதுமானது என்பது என் எண்ணம்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

தி.நகரில் இருக்கிறவர் எழுதினால் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். நம் வடசென்னைப் பக்கத்தில் விட முடியாது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் புகுந்து பல பத்து ஆண்டுகள் ஆகின்றன. காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளைக்கு 10 கோடி லிட்டர் தரும் அளவுக்குக் கட்டப்பட்டது. ஆனாலும் மெட்ரோ தண்ணி, அதாவது குடிநீர் வாரியம் விடும் தண்ணி, குடத்துக்கும் சமையலுக்கும் போய்விடுகிறது. தலைக்கு ஊற்றுவது பெரும்பாலான வீடுகளில் போர் தண்ணிதான்.

உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு பொருளாக மாறிவிடும். பாத்ரூம் பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாக, வழவழப்பாகப் படிகிறதே, அதேதான். அது உங்கள் தலையிலும் படிகிறது. ஷாம்பு வேறு வகைச் சலவைப் பொருள் என்பதால் இந்த அளவுக்குப் படியாது. ஆகவே போர் தண்ணி வீட்டில் தலைக்குச் சோப்பு போடுகிறவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை ஸ்க்ரப் இல்லை, சோப்பை நிறுத்துவது. பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். மணலிப் பெண்ணுக்கு முடிந்தது.

உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிந்துகொள்ளப் பெரிய பரிசோதனை தேவையில்லை. துவைக்கும்போது சோப்பு நுரைக்க மறுக்கிறதா? ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு மாதிரி தடிப்பாக ஒட்டுகிறதா? எவர்சில்வர் குடம் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழுகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் கடின நீர். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை விடுகிறது.

கொதிக்க வைத்து ஆறவிட்டு, தெளிந்ததை மட்டும் இறுத்து எடுத்தால் கடினத்தில் ஒரு பங்கு அடியில் தங்கிவிடும். முழுதும் போகாது, உப்புக் கரிப்பும் போகாது. அதைவிடச் சுலபம், குளியல் முழுவதும் போர் தண்ணியில் முடித்துவிட்டு, கடைசி 2 சொம்பை மட்டும் மெட்ரோ தண்ணியாக ஊற்றுவது. கேன் தண்ணியை வாங்கித் தலையில் ஊற்றச் சொல்ல எனக்கு மனசு வராது.

இன்னொன்று. ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிவாக வரும் தண்ணியை வீணாக்கக் கூடாதென்று பக்கெட்டில் பிடித்துக் குளிக்கிற வீடுகள் இருக்கின்றன. நல்ல மனசுதான். ஆனால் மெஷின் பிரித்து வெளியே தள்ளிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் தரை துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தலையில் இருப்பது எது

பகல் வெளிச்சத்தில், எண்ணெய் வைக்காத தலையில், வகிடு எடுத்து யாரையாவது போனில் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். உச்சி, காதுக்குப் பின்னால், பிடரி என்று மூன்று இடம். பிறகு நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

மெழுகு மாதிரி அப்பினால் மேலே சொன்ன சோப்புப் பிசுக்கு, அல்லது தடவின பொருள்களின் படிவு. பொடிப் பொடியாக, உலர்ந்து, வெள்ளையாகத் தோளில் கொட்டினால் வறண்ட தோலாக இருக்கலாம், லேசான பொடுகாகவும் இருக்கலாம். மஞ்சள் கலந்த, எண்ணெய் கோத்த செதில், அதன் கீழே சிவப்பு, மூக்கோரத்திலும் புருவத்திலும் அதே மாதிரி உரிகிறது என்றால் அது முற்றிய பொடுகு. வெள்ளி மாதிரி பளபளக்கும் தடித்த செதில், நெற்றி ஓரம் தாண்டி வெளியே வருகிறது, முழங்கையிலும் முட்டியிலும் இருக்கிறது என்றால் சொரியாசிஸாக இருக்கலாம். அதில் நீங்களும் கை வைக்கக் கூடாது, நானும் கை வைக்க மாட்டேன். சொரியாசிஸ்காரர்களுக்குத் தேய்த்த இடத்திலேயே செதில் புதிதாகக் கிளம்பும்.

பிள்ளைகள் தலையில் வட்டமாக முடி உடைந்து, செதிலாக இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். வீட்டில் எல்லோருக்கும் ஒட்டும். பேனும் ஈரும் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். ஈரைப் பொடுகு என்று நினைப்பவர்கள் நிறைய. ஊதினால் பறப்பது பொடுகு, முடியைப் பிடித்துக்கொண்டு வராமல் அடம் பிடிப்பது ஈர்.

பொடுகைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அதிகம் நடப்பது அங்கேதான். மலசேசியா என்ற ஈஸ்ட் எல்லோர் தலையிலும் இருக்கிறது. அது நம் எண்ணெயைத் தின்று வாழ்கிறது. தின்றுவிட்டு விடும் கொழுப்பு அமிலம் சிலருக்குத் தோலை உறுத்துகிறது. உறுத்தினால் தோல் அவசர அவசரமாக வளர்ந்து உரிகிறது. அதாவது செதில் அழுக்கே இல்லை. செதிலைச் சுரண்டி எடுத்தால் தோல் இன்னும் உறுத்தலாகி இன்னும் உரியும். அங்கே வேண்டியது கீட்டோகோனசோல் 2% ஷாம்பு போன்ற மருந்து. வாரம் 2 முறை, போட்டுவிட்டு 3 முதல் 5 நிமிஷம் விட்டு அலச வேண்டும், 2 முதல் 4 வாரம் வரை. மருந்துக் கடையில் சொல்லி வாங்கி, போட்டவுடனே அலசிவிட்டு "இது வேலை செய்யலை" என்கிறவர்களை என்ன செய்வது!

இவர்கள் தொடவே வேண்டாம்

தலையில் புண், சீழ்க் கட்டி, வெயில் எரிச்சல் இருப்பவர்கள். டை அடித்தோ, ஸ்ட்ரெயிட்னிங் செய்தோ ஒரு வாரம் ஆகாதவர்கள், அதே போல அடுத்த வாரம் செய்யப் போகிறவர்கள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் சாலிசிலிக் அமிலத்தைத் தொடக் கூடாது, இரண்டும் ஒரே குடும்பம். கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வேலையே தேவையில்லை.

என்ன வாங்குவது, வீட்டில் என்ன எடுப்பது

இரண்டு வழி உண்டு. கரைத்து எடுப்பது ஒன்று, உரசி எடுப்பது ஒன்று. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் கரைக்கிற வழியைத்தான் சொல்வேன். உரசும்போது எவ்வளவு அழுத்தம் என்பது கைக்குப் பழக வருஷம் பிடிக்கும். முடி அடர்த்தியாக இருந்தால் என்ன நடக்கிறதென்று கண்ணுக்கும் தெரியாது.

கரைப்பதில் சாலிசிலிக் அமிலம் நல்லது. எண்ணெயில் கரையும் தன்மை உள்ளதால் எண்ணெய் கோத்த படலத்துக்குள்ளேயும் போகும். செத்த செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையை இளக்கிவிடும். லேபிளில் 2% என்று இருக்கும் ஷாம்பு அல்லது குளிக்கும் முன் தடவும் சீரம் வாங்குங்கள். அதற்கு மேல் போக வேண்டாம். தோல் வறண்டவர்களுக்கு லாக்டிக் அமிலம் உள்ளது மென்மையாக இருக்கும்.

லாக்டிக் அமிலம் வீட்டிலேயே இருக்கிறது: தயிர். புளித்த தயிர் 4 ஸ்பூன், ராத்திரி ஊற வைத்து வழவழவென்று அரைத்த வெந்தயம் 2 ஸ்பூன். வெந்தயம் கரைக்காது, ஆனால் அதன் கோழை செதிலை ஊற வைத்து மெதுவாக்கும். கடைச் சரக்கு அளவுக்கு வேலை செய்யாது என்பதை மறைக்க மாட்டேன். முதல்முறைக்கு, பயந்தவர்களுக்கு இது போதும். ஒன்றே ஒன்று, வெந்தயத்தை மிக்சியில் அரைத்து அப்படியே போட்டால் தோல் துணுக்கு முடியில் மாட்டி, மூன்று நாள் பொடுகு மாதிரியே கொட்டும். மெல்லிய துணியில் பிழிந்து எடுங்கள்.

சீயக்காயைப் பற்றிக் கேட்பீர்கள். மில்லில் சீயக்காய்க்குத் தனி மிஷின் வைத்திருப்பார்கள், பக்கத்தில் போனாலே தும்மல். அங்கே பயறும் வெந்தயமும் பூலாங்கிழங்கும் ஆவாரம்பூவும் சேர்த்து அரைத்த பொடியை விரலில் எடுத்து உரசிப் பாருங்கள், மணல் மாதிரி நறநறக்கும். நம் பாட்டிமார் வாரா வாரம் செய்தது ஸ்கால்ப் ஸ்க்ரப்தான், பெயர்தான் தெரியாது. அவர்கள் அதை வடித்த கஞ்சியில் குழைத்தார்கள் என்பதை மறந்துவிட்டு, நாம் தண்ணீரில் கரைத்து அரக்கித் தேய்க்கிறோம். கஞ்சி அந்த நறநறப்புக்கு ஒரு மெத்தை. பொடி போடத்தான் வேண்டும் என்பவர்கள் வெள்ளைத் துணியில் சலித்து, அதாவது வஸ்திரகாயம் செய்து, கஞ்சியில் குழைத்துப் போடுங்கள். அரப்பு இலைப் பொடியும் அப்படியே. ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் சீயக்காய் பொடியாகவும் கிடைக்கும், காயாகவும் கிடைக்கும். காயாக வாங்கி ஊற வைத்துக் கொதிக்க வைத்து, வடிகட்டின சாறை மட்டும் போடுவது எனக்குப் பிடித்த வழி. துணுக்கு ஒட்டாது.

வேண்டாதவை: கல் உப்பு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு நேராக, காபித் தூள், சோடா உப்பு. சோடா உப்பு காரத்தன்மை உள்ளது, தலைத்தோலோ லேசான அமிலத் தன்மை உள்ளது. ஒரு தடவை போட்டால் சுத்தமான மாதிரி கிரீச் கிரீச் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் முடியின் செதில்கள் விரிந்துகொண்ட சத்தம்.

உப்பையும் எலுமிச்சையையும் பற்றி நான் அனுபவத்தில் பேசுகிறேன். தொழில் கற்றுக்கொண்ட புதிதில், சித்தி மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, கல் உப்பும் எலுமிச்சையும் தேங்காய் எண்ணெயும் கலந்து என் தலையிலேயே போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு ஜில்லென்று நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் உச்சியில் பொருக்கு. கல்யாணத்தன்று ராயபுரம் மண்டபத்தில் பூ வைக்க ஹேர்பின் குத்தினால் உயிர் போனது. வியர்வை இறங்க இறங்க எரிச்சல். படத்தில் எல்லாம் புருவத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறேன். சித்தி இன்றைக்கும் ஆல்பத்தைப் பார்த்து, "உனக்கு அன்னைக்கு அப்படி என்னடி கோவம்?" என்கிறாள்.

முதல் நாள்

எந்தப் பொருளானாலும் 2 நாள் முன்னால் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு அளவு வைத்துப் பாருங்கள். சிவந்தால், தடித்தால் வேண்டாம்.

வெளியே போக வேண்டாத நாளாகப் பாருங்கள். முந்தின நாள் எண்ணெய் வைக்காதீர்கள். முடியை உலர்ந்த நிலையிலேயே பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுங்கள். சிக்கோடு நனைத்தால் பாதி முடி கையோடு வரும், பழி ஸ்க்ரப் மேல் விழும்.

தலையை நெற்றியிலிருந்து பிடரிக்கு ஒரு கோடு, காதிலிருந்து காதுக்கு ஒரு கோடு என்று நாலாகப் பிரித்து கிளிப் போடுங்கள். ஒவ்வொரு பாகத்திலும் விரல் அகல இடைவெளியில் வகிடு வகிடாக எடுத்து, வகிட்டின் மேல், தோலில் மட்டும் சீரத்தை விடுங்கள். முடி நீளத்துக்கு இழுத்துத் தடவாதீர்கள், நுனிக்கு இது வேண்டாத வேலை. தயிர்க் கலவை என்றால் டை அடிக்கும் பிரஷ் வசதி. சீரம் என்றால் லேபிளில் போட்ட நேரம், பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள் இருக்கும். தயிர் என்றால் 20 நிமிஷம். லேசாகச் சுள்ளென்றால் பரவாயில்லை. எரிந்தால் உடனே அலசுங்கள், நேரம் ஆகவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். சாலிசிலிக் ஷாம்புவாக இருந்தால் இந்த வகிடு வேலையெல்லாம் இல்லை. நனைத்த தலையில் போட்டு 3 முதல் 5 நிமிஷம் விட்டால் போதும்.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, விரல் நுனிச் சதையால், நகம் படாமல், தோலையே நகர்த்துகிற மாதிரி மசாஜ் செய்யுங்கள். விரல் தோலின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடினால் அது உரசல். விரல் ஒரே இடத்தில் நின்று, கீழே தோல் அசைந்தால் அதுதான் மசாஜ். பார்லருக்கு வரும் பயிற்சிப் பெண்களுக்கு இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுக்கத்தான் எனக்கு ஒரு வாரம் ஆகிறது. ஷாம்பு என்ற சொல்லே இந்தியில் 'அமுக்கிவிடு' என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது, பிறகுதான் தலைக்குப் போடும் திரவத்தின் பெயரானது. இங்கிருந்து போன சொல், பாட்டிலில் அடைத்து நமக்கே திரும்பி வந்திருக்கிறது. மொத்தம் 3 நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். வளையும் சிலிகோன் பிரஷ் வைத்திருப்பவர்கள், பிரஷ்ஷின் எடையே போதும் என்று நினைத்துக்கொண்டு பிடியுங்கள்.

அலசுவதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். சாதாரணமாக நீங்கள் அலசும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு அலசுங்கள், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தனியாக. அதன் பிறகு மென்மையான ஷாம்பு ஒரு தடவை. கண்டிஷனர் நுனிக்கு மட்டும். போர் தண்ணி வீடென்றால் ஒரு லிட்டர் நல்ல தண்ணியில் ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து ஊற்றி, ஒரு நிமிஷம் விட்டு, கடைசிச் சொம்பு நல்ல தண்ணி ஊற்றிவிடுங்கள். வினிகர் கால்சியப் படிவைக் கரைக்கும். கெட்டில் அடியில் படிந்த உப்பு எடுக்க வினிகர் ஊற்றுவோமே, அதே கணக்கு. இது மாதத்துக்கு 2 தடவை போதும்.

துண்டால் கசக்காமல் ஒற்றி எடுங்கள். ஈரத்தலையைக் கொண்டை போட்டுக்கொண்டு வேலை பார்க்கப் போகாதீர்கள். அன்றைக்கு டை, ஸ்ட்ரெயிட்னர், ஜெல், எண்ணெய் எதுவும் வேண்டாம். மறுநாள் உச்சி வெயிலில் போவதாக இருந்தால் துப்பட்டாவோ தொப்பியோ போட்டுக்கொள்ளுங்கள். புதுத் தோல் வெயிலுக்குச் சீக்கிரம் எரியும்.

கையில் வந்த முடியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. விழக் காத்திருந்ததுதான் மசாஜில் சேர்ந்து வருகிறது.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை

தலை மறுநாளே எண்ணெய் வழிகிறவர்கள் வாரம் ஒரு தடவை. மற்றவர்கள் 15 நாளுக்கு ஒரு தடவை. வறண்ட தோல், டை போட்ட முடி என்றால் மாதம் ஒன்று. முதல் இரண்டு மாதம் எல்லோருமே 15 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கூட்டலாம் குறைக்கலாம். தலைத்தோல் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கிறதா, கண்ணாடி மாதிரி மினுங்குகிறதா, சாதா ஷாம்பு போட்டாலே எரிகிறதா? அதிகமாகச் செய்துவிட்டீர்கள். ஒரு மாதம் விட்டுவிடுங்கள்.

ஹெல்மெட்டோடு துறைமுக ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் தினமும் போகிறவர்களும், காசிமேட்டில் உப்புக் காற்றில் நிற்கிறவர்களும், "எங்களுக்கு தினமும் செய்யணுமே" என்கிறார்கள். எண்ணூர்ப் பக்கம் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்குத் தெரியும், சாயங்காலம் எடுக்கும்போது விரலில் என்ன ஒட்டுமென்று. ஆனால் புழுதிக்கு மருந்து சாதா ஷாம்பு. வாரம் 3 தடவை தாராளமாகத் தலைக்குக் குளிக்கலாம், ஸ்க்ரப்பைக் கூட்ட வேண்டாம். ஹெல்மெட்டுக்குள் ஒரு பருத்திக் கைக்குட்டை கட்டி, அதைத் தினமும் துவைத்தாலே பாதி அழுக்கு தலைக்கு வராது. ஹெல்மெட்டின் உள் மெத்தையைக் கழற்ற முடிந்தால் மாதம் ஒரு தடவை துவைத்துக் காயப்போடுங்கள். சீப்பையும் தலையணை உறையையும் வாரா வாரம்.

எண்ணெய்ச் சண்டை

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்று வளர்ந்த ஊர் இது. எண்ணெய் வேண்டாமென்று சொன்னால் பார்லரிலேயே சண்டை வரும், அதுவும் மாமியாரோடு வந்தவர்களிடம். நான் சொல்வது இதுதான்: வறண்ட தோலுக்கு, ஸ்க்ரப்புக்கு அரை மணி முன்னால் தேங்காய் எண்ணெய் தடவினால் செதில் நன்றாக ஊறும், தாராளமாகச் செய்யுங்கள். பொடுகு இருக்கிறவர்களுக்கு மட்டும் அது அந்த ஈஸ்டுக்குப் போடும் சாப்பாடு. ராத்திரி முழுக்க எண்ணெயோடு தூங்குவது பந்தி வைப்பது மாதிரி. பொடுகு அடங்கும் வரை முடியின் நீளத்துக்கு மட்டும் தடவுங்கள், வேரில் வேண்டாம். தீபாவளி அன்றைக்கு ஒரு நாள் வைத்தால் ஒன்றும் ஆகிவிடாது, மாமியாரிடமும் அதைச் சொல்லிச் சமாதானம் செய்துகொள்ளலாம்.

டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

மருந்து ஷாம்பு 4 வாரம் ஒழுங்காகப் போட்டும் அடங்காத அரிப்பு. வட்டமாக முடி கொட்டுவது. சீழ், ரத்தம், பிடரியில் நெறி கட்டுவது. நெற்றி ஓரத்தைத் தாண்டும் தடித்த செதில். இவற்றில் ஒன்று இருந்தாலும் எங்களிடம் வராதீர்கள், பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று தலைக்கு நன்றாகக் குளித்து, எண்ணெய் தடவி, படிய வாரிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அப்படிப் போனால் பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது. 2 நாள் தலைக்கு ஊற்றாமல், எண்ணெய் வைக்காமல் போங்கள். இதுவரை போட்ட ஷாம்பு, சீரம், பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள், அந்த உப்பையும் சர்க்கரையையும் பற்றிச் சொல்ல வெட்கப்படாமல்.